சாயப்பட்டறை அம்மாவுக்கு நான் மஞ்சள் சொல்லிக்கொடுத்தது

முப்பது வருஷமாகத் துணிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு, எது சாயம், எது சாயமில்லை என்று நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஸ்டெதஸ்கோப்பைச் சுழற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டே எடுத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ மடத்தனங்களை முயற்சி செய்து செய்திருக்கிறேன். இது எந்த முயற்சியும் இல்லாமல் தானாக வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. வருவதெல்லாம் பசுவும் எருமையும் ஆடும்தான். நாய் எப்போதாவது வரும். வந்தால் பெரும்பாலும் யாரையாவது கடித்துவிட்டு வரும். அன்றைக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு நாயும், அதை மடியில் சாய்த்துக்கொண்டு ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாவும் வந்து இறங்கினார்கள். ஆற்றங்கரைப் பக்கம் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் சௌராஷ்டிரக் குடும்பம். நாயை எனக்கு ஏற்கெனவே தெரியும். வெள்ளை நாய் என்றுதான் சொல்வார்கள். நான் ஒரு நாளும் அதை வெள்ளையாகப் பார்த்ததில்லை. பட்டறையில் சாயத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் குளிர்ச்சிக்காகப் படுத்துக்கிடக்கும். ஒரு வாரம் நீலமாக வரும், ஒரு வாரம் கத்திரிப்பூ நிறத்தில் வரும். தடுப்பூசி போடக் கொண்டுவந்தபோது இரண்டு பக்கமும் இரண்டு நிறத்தில் இருந்தது.

"காலைல சோறு வச்சேன், மோந்து பாத்துட்டுப் போயிட்டான். ரெண்டு தடவ வாந்தி. ஒடனே கூட்டிட்டு வந்துட்டேன். காது உள்பக்கமெல்லாம் மஞ்சளா இருக்கு, பாருங்க டாக்டர்" என்றார்.

பார்த்தேன். காது மஞ்சள், வயிறு மஞ்சள், தொடையிடுக்கு மஞ்சள்.

"இந்த வாரம் பட்டறைல என்ன கலர்மா ஓடுது?"

"மஞ்சத்தான். ஆனா..."

"அம்புட்டுத்தாம்மா விஷயம்!" என்று நான் சிரித்தேன். "போன வாரம் நீலமா இருந்தான். அப்ப நீலக் காமாலையா வந்துச்சு?"

என் நகைச்சுவைக்கு அந்த அம்மா சிரிக்கவில்லை. காதை மடித்துக் காட்டினார்.

"எங்க மஞ்சள்ல லேசா செவப்பு ஓடும் டாக்டர். இதுல பச்சை ஓடுது. சோடா போட்டுத் தேச்சும் பாத்தேன், போகல. இது எங்க மஞ்ச இல்ல."

பித்தக்குழாய் அடைத்து வரும் காமாலையில் மஞ்சளுக்குள் ஒரு பச்சைச் சாயல் இருக்கும் என்று என் பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஐந்து வருஷம் நான் படித்ததை அந்த அம்மா வெறும் கண்ணால் சொல்லிவிட்டார். நானோ, வெயிலில் பார்த்தால் நிறம் மாறித் தெரியும், தோல் எண்ணெயில் சாயம் ஊறினால் வேறு மாதிரி ஆகும் என்று பாடம் நடத்தி, பூச்சி மாத்திரையும் ஜீரண டானிக்கும் எழுதிக் கொடுத்தேன். கண் இமையைத் தூக்கிப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஏன் பார்க்கவில்லை என்றால், அந்த நாய்க்கு முகத்துக்குக் கிட்டே வரும் கை பிடிக்காது. எனக்கு என் கை பிடிக்கும்.

ஆறாம் நாள் மறுபடியும் அதே ரிக்‌ஷா. இந்தத் தடவை நாய் கடிக்கும் நிலையில் இல்லை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் கம்பவுண்டர் அப்போதுதான் லீவு முடிந்து ஊரிலிருந்து வந்திருந்தார். நாகமலைக்கு மேற்கே விவசாயக் குடும்பம். அறுப்பு என்றால் ஆளைப் பிடிக்க முடியாது. முதல் நாள் அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வந்ததும் நாயின் உதட்டைத் தூக்கினார், இமையைத் தூக்கினார், என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், இவுக பட்டறைல பல்லு ஈறுக்குமா சாயம் போடுறாக?"

ஈறு, நாக்கின் அடி, கண்ணின் வெள்ளை எல்லாமே மஞ்சள். என் முகம் மட்டும் வெளுத்திருக்க வேண்டும். அந்த அம்மா நாயின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காமாலை என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஈரல் கெட்டாலும் உடம்பு மஞ்சளாகும். ஈரல் நன்றாகவே இருந்து, அதிலிருந்து பித்தம் குடலுக்கு இறங்குகிற ஈர்க்குச்சி கனமுள்ள குழாய் அடைத்துக்கொண்டாலும் மஞ்சளாகும். முதலாவதற்கு மருந்து. இரண்டாவதற்குக் கத்தி. ஈரல் கெட்ட நாயைக் கிழித்தால் மேசையிலேயே போய்விடும். அடைத்துக்கொண்ட நாய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் மெல்லப் போகும். உள்ளே எட்டிப் பார்க்க இந்தக் காலத்தில் கருவி இருக்கிறது. அன்றைக்கு எங்களிடம் இருந்த ஒரே கருவி நாயின் மலம். பித்தம் கலந்தால்தான் மலத்துக்கு நிறம் வரும். கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் வெளுத்துப் போகும்.

"வெளிய போறது என்ன நிறத்துல போகுதும்மா?"

"அதுவே ஆத்துக்குப் போயிட்டு வந்துரும் டாக்டர். பின்னாடியே போய்ப் பாக்கவா முடியும்?"

"நான் போறேன்" என்றேன். குற்றவுணர்ச்சி மனிதனை எந்த இடத்துக்கும் அனுப்பும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வைகை மணலில், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு வாழையிலைத் துண்டோடு நாயின் பின்னால் நடந்தேன். வைகையில் அந்த நேரத்தில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கும். நாய் நாலு அடி நடக்கும், உட்காரும், திரும்பி என்னைப் பார்க்கும், வெட்கப்பட்டு எழுந்துவிடும். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். அந்தப் பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. பீடியும் சொம்புமாக இருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"என்னாண்ணே, ரொம்ப நேரமா இங்கனக்குள்ளயே சுத்துறீக?"

"நாய் வெளிய போகணும், அதுக்காகக் காத்திருக்கேன்."

"நாங்களும் அதுக்குத்தேன் வந்திருக்கோம். நீங்க நின்டா எப்பிடி?"

நல்லவேளையாக நாய் அப்போது ஒரு எருக்கஞ்செடியின் மறைவுக்குப் போயிற்று. இலையில் அள்ளிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை. அந்த அம்மா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, எட்ட இருந்தே ஒரு பார்வை பார்த்தார்.

"கோராத் துணி நிறம்" என்றார். சாயம் ஏறாத துணியைப் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள்.

குழாய் அடைத்திருக்கிறது. ஆனால் அறுப்பதற்கு முன்னால் ரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு வசதியில்லை. கோரிப்பாளையத்தில் மனிதர்களுக்கான லேப் ஒன்று இருந்தது. மனித ரத்தம் மட்டும்தான் என்று அதன் முதலாளி கண்டிப்பு. அதனால் சீட்டில் நாய் என்று எழுதவில்லை. பெயர் என்ற இடத்தில் ஏதாவது எழுத வேண்டுமே. உலகத்தில் எத்தனை பெயர் இருக்கிறது! ஒரு முனியாண்டி, ஒரு மூக்கையா என்று எழுதியிருக்கலாம். அவசரத்தில் என் கை என் பெயரையே எழுதிவிட்டது. வயது முப்பத்தொன்று, ஆண்.

அந்த லேப்பில் வேலை பார்த்தவர் எங்கள் தெருக்காரர். எல்லாருக்கும் அவர் பாய். தங்கமான மனிதர். அந்தத் தங்கம்தான் என்னைக் கவிழ்த்தது. ரிசல்ட்டைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குப் பறந்திருக்கிறார். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, என் மனைவி அம்மியில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணக் காட்டுங்க."

"எதுக்கு?"

"பாய் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ரத்தத்துல காமாலை எக்கச்சக்கமா ஏறிக் கெடக்காம். இம்புட்டு ஏறி நடமாடுற ஆள அவர் பாத்ததே இல்லையாம். எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"அடியே, அது நாயோட ரத்தம்."

"நாய்க்கு உங்க பேரையா வச்சிருக்காங்க?"

"நான்தான் எழுதினேன்..."

"எதுக்கு?"

அது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் என் தாடையைப் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள். "இந்தா, கண்ணு மஞ்சளாத்தானே இருக்கு?"

"அது நாப்பது வாட்ஸ் பல்பு."

"கல்யாணமான நாள்லருந்து உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு. குடிங்க."

குடித்தேன். அன்றைக்கு ராத்திரி உப்பில்லாத மோர்ச்சோறு. மறுநாளும் அதுவே. பாயிடம் உண்மையைச் சொல்லி அவரையே சாட்சியாக அழைத்து வரலாம் என்று போனேன். அவர் முதலில் என் கையைப் பிடித்து, "கறிகிறி தொட்டுராதீங்க சார், கரும்புச்சாறு நெறயாக் குடிங்க" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் கையை விட்டுவிட்டார்.

"நாயா? என் டியூப்லயா?" டியூப் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அது பொழைச்சுக்கிருமா?" என்று கேட்டார்.

"தெரியல பாய்."

"அடுத்த தடவ நாய்னே எழுதி அனுப்புங்க. நான் மொதலாளிட்டப் பேசிக்கிறேன்."

என் வீட்டுக்கு வந்து சொல்ல மட்டும் மறுத்துவிட்டார். ஒரு வீட்டில் போய் இரண்டு தடவை இரண்டு விதமாகப் பேசினால் தன் வார்த்தைக்கு மதிப்பு இருக்காதாம். என் உப்பைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

இதற்கு முன் நான் மாட்டுக்கு வயிற்றைக் கிழித்திருக்கிறேன். பித்தக்குழாயைத் தொட்டதில்லை. மெட்ராஸ் கல்லூரியில் ஆபரேஷன் பிரிவில் இருந்த என் வகுப்புத் தோழனுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுத் தந்தி ஆபீஸில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். லைன் கிடைத்ததும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல அவன் குரல். மூன்று நிமிஷத்துக்குள் எல்லாம் கேட்க வேண்டும். "பித்தப்பை! பி... பித்தப்பை!" என்று நான் கத்த, வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் சொன்னது இது. பித்தம் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறையாது. முதலில் அந்த ஊசியைப் போடு, இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்று, அப்புறம் திற. கல் இருந்தால் பின்னுக்குத் தள்ளப் பார். முடியாவிட்டால் குடலைத் திறந்து கீழிருந்து எடு. அதுவும் முடியாவிட்டால் பித்தப்பையையே குடலோடு சேர்த்துத் தைத்துவிடு.

"ஒன்னால முடியாதுன்னு தோணுச்சுன்னா தொடாத. தோணுதா?" என்று கேட்டான்.

"எனக்கு எப்பவுமே தோணுது!" என்று கத்தினேன். லைன் போய்விட்டது.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிழைக்கும் என்று சொல்ல முடியாது, பாதிக்குப் பாதிதான், வேண்டாம் என்றால் வலியில்லாமல் தூங்க வைத்துவிடலாம், பட்டறையில் பார்த்தபோது உங்கள் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார் என்றேன்.

"அவர் எதுக்கும் அப்பிடித்தான் சொல்லுவாரு. அந்த வீட்டுல நான் கூப்பிட்டா வர்ற ஒரே ஆளு இவன்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லுங்க. வாய்க்கால் தண்ணிய நக்குவான். எங்க சாயந்தான் இவன இப்பிடிப் பண்ணிருச்சா?"

இத்தனை நாளாக அவர் தூங்காமல் கிடந்தது இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. 'எல்லாம் சாயம்தான்' என்று முதல் நாள் சிரித்தவன் நான். அந்த வார்த்தையை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"தெறந்து பாத்தாத்தாம்மா தெரியும்" என்றேன். அந்த ஒரு தடவை உண்மையைச் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று என் வயிற்றில் உப்பில்லாத கஞ்சி. கம்பவுண்டர் ஈத்தர் சொட்டவிட்டு மயக்கத்தைப் பார்த்துக்கொண்டார். வயிற்றைத் திறந்ததும் பித்தப்பை தெரிந்தது. சாதாரணமாக ஒரு நெல்லிக்காய் அளவு இருக்க வேண்டியது, சின்னக் கத்திரிக்காய் போல, நிறமும் அப்படியே, விம்மிப்போய் இருந்தது. விரலால் குழாயைத் தடவிக்கொண்டே போனேன். குடலுக்குள் நுழைகிற இடத்தில், கடைசி முனையில், கடினமாக ஒன்று தட்டுப்பட்டது. பின்னுக்குத் தள்ளினேன், அசையவில்லை. முன்னுக்குத் தள்ளினேன், அசையவில்லை.

"சார், மூச்சு கொறையுது" என்றார் கம்பவுண்டர்.

"ஈத்தரை எடுங்க."

"எடுத்தாச்சு. நீங்க யோசிக்கிறத நிப்பாட்டிட்டு வேலயப் பாருங்க."

குடலைத் திறந்தேன். குழாயின் வாய் உள்ளே ஒரு சின்னக் காம்பு போலத் தெரிந்தது. மெல்லிய ரப்பர் குழாயை நுழைத்து உப்புத் தண்ணீரைப் பீய்ச்சினேன். ஒரு தடவை, இரண்டு தடவை. வாயை ஒரு நூலளவு கீறிவிட்டு மேலிருந்து விரலால் அழுத்தியபோது, அரைக் கடலைப் பருப்பு அளவுக்குக் கருத்த கல் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே தார் போலப் பித்தம் கொட்டியது. பித்தப்பை என் கண்ணெதிரே சுருங்கியது. நாய் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தது. நானும் இழுத்தேன்.

தைத்து முடித்து வெளியே வந்தபோது, காலையிலேயே வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்த அந்த அம்மா, வேப்பமரத்தடியில் மாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கல்லை ஒரு பஞ்சில் வைத்து நீட்டினேன்.

"இதுதாம்மா அடச்சுக்கிட்டு இருந்துச்சு."

விரலால் உருட்டினார். நகத்தால் கீறினார். எச்சில் தொட்டு முந்தானையில் தேய்த்துப் பார்த்தார்.

"இது சாயமில்லையே?"

"இல்லம்மா. பித்தமே கெட்டியாகிக் கல்லாயிருக்கு. நம்ம சாயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாப் பாத்துட்டேன்."

அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பசு அவர் தோளை நக்கியது. அவர் அதைத் தள்ளவில்லை.

ஆனால் நாய் இன்னும் பிழைத்தபாடில்லை. ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே வைத்து, மூன்று நாள் தண்ணீர் மட்டும். குடல் தையல் பிரிந்தால் முடிந்தது கதை. எழுந்து நிற்கும், தள்ளாடும், என்னைப் பார்த்தால் உறுமும். உறுமுவது நல்ல அடையாளம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "உங்களப் பாத்தா மட்டுந்தான் உறுமுறான்" என்றார் அவர். வீட்டில் நான் கீழாநெல்லி நாள் ஏழைத் தாண்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் கஞ்சி வைத்தோம், நக்கியது. ஐந்தாம் நாள் காலை கம்பவுண்டர் கொட்டகையிலிருந்து கத்தினார்.

"சார், ஓடி வாங்க! பழுப்பாப் போயிருக்கு! நல்ல பழுப்பு!"

ஓடினேன். நாலு மாட்டுக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, நானும் கம்பவுண்டரும் குனிந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாவும் வந்து பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்குவாளியிலிருந்த கஞ்சியை நாய்க்கு ஊற்றினார்.

பதினோராம் நாள் தையல் பிரித்தேன். நாயின் காது உள்பக்கம் ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருந்தது. முதல் தடவையாக அதை வெள்ளை நாயாகப் பார்த்தேன். எனக்குத் தலை கால் புரியவில்லை. இந்தப் பக்கத்திலேயே இப்படி ஒரு ஆபரேஷன் யாரும் செய்ததில்லை என்றேன். மெட்ராஸ் தோழன் கடிதத்தில் பாராட்டியதைச் சொன்னேன். கொழுப்பு கூடாது, எலும்பு கூடாது, ஒரு நாளைக்கு மூன்று தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினேன். அவர் எதற்கும் தலையாட்டாமல் நாயை ரிக்‌ஷாவில் ஏற்றி, கால்மாட்டில் கோணியை ஒதுக்கிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வாசல் வரை கூடவே போய், பெரிய டாக்டர் தோரணையில் கடைசியாக ஒரு புத்திமதியும் சொன்னேன்.

"இனிமே உடம்புக்கு ஏதாவதுன்னா நாள் கடத்தாம ஒடனே கூட்டிட்டு வந்துரணும்மா."

ரிக்‌ஷா நகரும்போது அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஒடனேதான் கூட்டிட்டு வந்தேன்."